எல்லைக்கம்பு

எங்கள் வெள்ளத்திட்டு ஆம்பிளைகள் பொய்யே பேசாதவர்கள் என்று நான் சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்குக் கம்பெனி எஞ்சினியரிடம் அவர்கள் சொன்னது பொய்தானா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் சொல்லத் தெரியவில்லை. ஏரிக்குள்ளே பழைய இரும்புக் குழாய் ஏதாவது நிற்கிறதா என்று அவர் கேட்டார்.

“குழாயெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. கம்புங்கதான் கீது,” என்றார் எங்கள் பெரியதனக்காரர் சம்பந்தம் மாமா. ஊருக்கு அவர் வைத்ததுதான் சட்டம். சுற்றி நின்ற அத்தனை தலைகளும் ஆடின. என் வீட்டுக்காரர் நீலமேகத்தின் தலை கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. எஞ்சினியருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தம்ளருக்காகக் காத்து நின்றதால் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழவேற்காடு ஏரியில் வலை கட்டுகிறவர்களுக்குப் பாடு என்றால் முறை. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கலாம் என்று கோயில் வாசலில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பாட்டில் பேர் இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஊர் பேரை எடுத்துவிட்டால் அவ்வளவுதான், ஏரி கண்ணெதிரே கிடக்கும், காலை நனைக்க முடியாது. பாடு என்றால் கஷ்டம் என்றும் அர்த்தம் உண்டாமே என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் அதிசயப்பட்டார். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன்.

எங்களுக்கும் தெற்கே இருக்கிற புதுத்திட்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் உண்டு. கடலிலிருந்து ஏறி வருகிற இறால் அந்த வழியாகத்தான் போகும். இது வரைக்கும் எங்களுடையது, அதற்கு மேல் அவர்களுடையது என்று முன்பெல்லாம் பனங்கம்பு நட்டுவைப்பார்கள். காலையில் பார்த்தால் கம்பு எங்கள் பக்கம் நகர்ந்து வந்திருக்கும். மறுநாள் அவர்கள் பக்கம் போயிருக்கும். நாங்கள் தொடவே இல்லை என்று இரண்டு ஊரும் அம்மன் மேல் சத்தியம் செய்யும். அந்தச் சண்டை ஒன்றில்தான் படகு தள்ளுகிற கழி என் நைனாவின் மண்டையில் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த நாளெல்லாம் பெற்ற மகளான என்னை வேறு யாரோ பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். காந்தா என்ற பேர் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

எமர்ஜென்சி சமயத்தில் ஒரு கம்பெனி வந்து எங்கள் பக்கம் பூமியைத் துளைத்தது. உப்பளத்துக்குப் பக்கத்தில் போட்ட துளையில் கேஸ் வந்தது. ஏரிக்குள்ளே போட்டதில் ஒன்றும் வரவில்லை. அதன் வாயில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் பண்ணி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்துக்கு அந்த இரும்புக் குழாய் நின்றது, சரியாக அந்தச் சண்டைக்கார இடத்தில். பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். இனி இதுதான் எல்லை, இதை யாரும் பிடுங்கக் கூடாது, பிடுங்க யாருக்கும் காட்டிக்கொடுக்கவும் கூடாது என்று பேச்சு. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எல்லைக்கம்பு என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு யார் மண்டையும் உடையவில்லை. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது குழாய் என்பதே தெரியாது.

உப்பளத்துத் துளையில் கேஸ் சில வருசம் வந்தது. பிறகு குறைந்து நின்றது. கம்பெனி கைமாறியது, பேர் மாறியது, பழைய ஆட்கள் போனார்கள். சூளூர்ப்பேட்டைப் பக்கம் பெரும்புயல் அடித்ததற்கு முந்தின வருசம் டேங்கர் லாரிகள் வர ஆரம்பித்தன. எங்கேயோ எண்ணெய் எடுக்கிறார்களாம், எண்ணெயோடு கூடவே வருகிற உப்புத் தண்ணீரைக் கொட்ட இடம் இல்லையாம். கேஸ் தீர்ந்துபோன அந்தத் துளைக்குள்ளே பம்பு வைத்து இறக்கினார்கள். லாரி போன பாதையில் மண்ணெண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த வாடை நின்றது. பம்பு ஓடினால் தொம் தொம் என்ற சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் காலில் தெரியும்.

எஞ்சினியர் பேர் உலகநாதன். நல்ல மனுசர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆர்டர் போடாமல், கீழே உட்கார்ந்து பேசினார்.

“பக்கத்துல பழைய துளை ஏதாவது தொறந்து கெடந்தா ஆபத்துங்க. நாங்க அழுத்தற அழுத்தத்துல அடியில மிச்சம் இருக்கற கேஸ் அது வழியா மேல வந்துடும். கீழ உப்புப் பாறை வேற இருக்கு. தண்ணி வழி தவறி அதைத் தொட்டா கரைக்கும்.”

கரைந்தால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள்.

“மேல இருக்கறது உக்காரும்,” என்றார்.

ஏரியில் ஒரு துளை போட்டதாகக் காதில் விழுந்ததாம். அதை அப்போதே அடைத்துப் பிடுங்கிவிட்டார்களா, இல்லையா என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லையாம். இருந்தால் காட்டுங்கள், தண்ணீருக்குக் கீழே அறுத்து சிமெண்டு போட்டு அடைத்துவிடுகிறோம் என்றார். அறுப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் ஆட்களின் முகம் இறுகியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சம்பந்தம் மாமா கம்புகள்தான் இருக்கின்றன என்று சொன்னது.

சரி, நானே படகில் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போனார். அவர் வருவதற்குள் எங்கள் ஆட்கள் வேலையை முடித்துவிட்டார்கள். காட்டூரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் பனைமரத்தை இரண்டாகப் பிளந்து குடைந்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு ஜோடியை மாட்டு வண்டியில் கொண்டுவந்து, குழாயை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். புதுத்திட்டுக்காரர்களும் வந்து கைகொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து நான் பார்க்க இரண்டு ஊரும் ஒரே படகில் நின்றது அன்றைக்குத்தான். மேலே குங்குமம் வைத்ததும் அது சாட்சாத் பனங்கம்பாகவே ஆகிவிட்டது.

எஞ்சினியரைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டியதே என் வீட்டுக்காரர்தான். களைத்துப்போய் அந்தக் கம்பிலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்று தண்ணீர் குடித்தாராம் மனுசர். சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் இவர். புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்காரும் என்ற சொல் என் வயிற்றில் உட்கார்ந்திருந்தது.

மீன் காயப் போடுகிறதற்கு வீட்டு மூலையில் உப்பு மூட்டை வைத்திருப்பேன். அந்த வாரம் கூரை ஒழுகி அதன் மேல் சொட்டியிருக்கிறது. பார்வைக்கு மூட்டை முழுசாகவே இருந்தது. கையை வைத்தேன், மேல் கட்டி பொத்தென்று உடைந்து மணிக்கட்டுவரை உள்ளே போனது. உள்ளே ஒன்றுமே இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு தரையில் உட்காரவும் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பூமி ஒரு தடவை லேசாக ஆடியது. அடுப்பின் மேல் இருந்த குண்டான் தானாக நகர்ந்தது. ராக்கெட் விடுகிறான் என்று ஆம்பிளைகள் ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் எங்கள் கூரை அதிரும், அது வாஸ்தவம். ஆனால் ராக்கெட் விடுகிற நாளில் யாரும் கடலுக்குப் போகாதே என்று முன்கூட்டியே ஊர் ஊராகச் சொல்லிவிடுவார்கள். அந்த வாரம் யாரும் வந்து சொல்லவில்லை. இதை நான் சொன்னபோது, சொல்ல மறந்திருப்பான் என்றார்கள்.

பிறகு குமிழி வந்தது. எல்லைக்கம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள், அரிசி கொதிக்கிற மாதிரி. வேறு எந்த ஊர்க்காரனும் அதைப் பார்த்து ஒதுங்கியிருப்பான். எங்கள் ஆட்களுக்குக் கை பரபரத்தது. சேற்றில் மடவை மீன் மேய்ந்தால் குமிழி வரும், குமிழி வருகிற இடத்தில் வலையை விடு என்பது எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்வது. முறை வந்தவர்கள் விட்டார்கள். பார்த்தால் வலை நிறைய இறால். அடியில் கிடக்க வேண்டியது மூச்சு முட்டி மேலே வந்து மிதக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எல்லைக்கம்பு கண் திறந்துவிட்டது என்று மாலை போட்டார்கள்.

பழவேற்காட்டிலிருந்து இறால் எடுக்க வருகிற அப்துல் ஷுக்கூர் பாய் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். யாரையும் குறை சொல்லாதவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மண்ணெண்ணெய் டின்னில் போட்டு வைத்தீர்களா என்று கேட்டார். நான் ஓர் இறாலை உரித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். லாரி வாடை. அன்றைக்கே மணலில் தோண்டி வைத்திருக்கிற எங்கள் குடிதண்ணீர் ஊற்றுக்குப் போனேன். அதுவும் கசந்தது.

அதற்குப் பிறகு நான் வீட்டு வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையிலேயே நின்றேன் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். நின்றேன்தான். காலில் தொம் தொம் என்று அதிர்ந்தால் குமிழி பெருத்தது. பம்பு நின்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மீன் என்ன பம்பு ஓடுகிற நேரம் பார்த்தா மேயும்? எஞ்சினியர் சொன்னது ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது. அவருக்குத்தான் அது தெரியவில்லை. தெரிந்த நாங்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை எங்கள் வீட்டுப் பாடு. சீட்டில் எங்களுக்கு விழுந்ததே எல்லைக்கம்பு இடம்தான். போன மாதமாக இருந்தால் நான் அம்மனுக்குப் பொங்கல் வைத்திருப்பேன். இப்போது அடுப்பைக்கூட மூட்டவில்லை. நீலமேகத்திடம் ஆரம்பத்திலிருந்து எடுத்துச் சொன்னேன். பம்பு, குமிழி, இறால், ஊற்று எல்லாம். அவர் கேட்டார், கேட்காமல் இல்லை. அவருக்கும் ஊற்றுத் தண்ணீர் கசந்துதானே இருக்கும்.

“இன்னா பண்ணச் சொல்றமே?” என்றார். “வாயைத் தொறந்தா பாட்டுல பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் இன்னாத்த துன்றது?”

நீ இறங்காமல் இரு, உடம்பு சரியில்லை என்று சொல் என்றேன். முறை வந்து இறங்காவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். அடுத்தவன் மட்டும் செத்தால் பரவாயில்லையா என்று கேட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

சம்பந்தம் மாமாவிடம் போனேன். அவர் வலை சிக்கு எடுத்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

“ஒங்க நைனா மண்டை எதுக்கு ஒடஞ்சுதுனு மறந்துட்டியா காந்தா? அந்தக் கம்பு போச்சுனா மறுபடி எத்தினி மண்டை ஒடையும்னு எண்ணிப் பாத்தியா?”

மறக்கவில்லை. வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் நான்கு கேள்வி கேட்டிருப்பேன். நைனாவைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்ததே அந்த மாமாதான். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது சாக வேண்டியிருந்தது, அது யார் என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது போல இருந்தது.

எங்கள் முறை நாள் வந்தது. நீலமேகம் காலையிலேயே வலை கட்டப் போனார். பீடி பற்றவைக்கப் படகில் எப்போதும் தேங்காய்நார்க் கயிறு கனிந்துகொண்டிருக்கும். இன்றைக்கு மட்டும் அந்தக் கயிற்றை எடுத்துப் போகாதே என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். நெருப்பில்லாமல் நாள் முழுக்க ஏரியில் எப்படி இருப்பது, நீ என்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டுக் கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டே போனார். நான் கரையில் நின்றேன். கூப்பிடு தூரம்தான். துணைக்குப் போனவர்கள் வலையைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். காவலுக்கு அவர் ஒருவர் மட்டும் கம்பில் படகைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியபோது பம்பு ஓட ஆரம்பித்தது. வழக்கத்தைவிட வேகமாக அதிர்ந்தது, லாரிகள் நிறைய வந்து நின்றிருந்தன. குமிழி அரிசிக் கொதி இல்லை இப்போது. சேறு கிளம்பித் தண்ணீர் பழுப்பாகிப் பொங்கியது. கம்பு நடுங்கியது. பத்துப் பேர் தள்ளினாலும் அசையாத கம்பு நடுங்குவதை நான் என் கண்ணால் பார்த்தேன். நீலமேகமும் பார்த்தார். எழுந்து நின்றார், வலையைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் கத்தினேன். வா, வந்துவிடு, விட்டுவிட்டு வா. அவர் கையை அசைத்தார். போ, வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

அந்த நேரம் பம்பு ஷெட்டுக்குப் போகிற ஜீப் கரை மேல் வந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். டிரைவர் திட்டினான். எஞ்சினியர் இறங்கினார். கரையில் ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் இருந்தார்கள், சம்பந்தம் மாமாவும் இருந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருசமாக அந்தக் கம்பை யாரும் அந்தச் சொல்லால் சொன்னதில்லை.

“அது கம்பு இல்ல சார்,” என்றேன். “கொழாய்.”

எஞ்சினியர் ஏரியைப் பார்த்தார். பம்பை நிறுத்து, ஓடு என்று டிரைவரை விரட்டினார். பிறகு தண்ணீரோரம் ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கி, படகை விட்டு வெளியே வாங்க என்று கத்தினார். நீலமேகம் அவருக்கும் கையைத்தான் அசைத்தார்.

அவரைக் கிளப்பியது வேறு. எங்கள் ஆட்களில் ஒருவன், யார் என்று பேர் சொல்ல வேண்டாம், வாயைக் குவித்துக்கொண்டு கூவினான்.

“நீலமேகம், ஒம் பொண்டாட்டி கொழாய்னு சொல்லிட்டாடா.”

அது காதில் விழுந்ததும் இவர் படகிலிருந்து குதித்தார். மார்பளவு தண்ணீரைக் கையால் வெட்டிக்கொண்டு கரையைப் பார்த்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் மேல் கை ஓங்காதவர். அன்றைக்கு ஓங்கிக்கொண்டே வந்தார். அடி, வந்து அடி, சீக்கிரம் வந்து அடி என்று எனக்குள்ளே நான் வேண்டிக்கொண்டேன். இடுப்பளவு தண்ணீருக்கு வந்தார். முழங்கால் அளவுக்கு வந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் கயிறு அறுந்தது. பனையின் இரண்டு பாதியும் இரண்டு பக்கம் பறந்தன. சேறும் தண்ணீருமாகக் குழாய்க்குள்ளிருந்து மேலே அடித்தது, பனைமர உயரத்துக்கு. எத்தனையோ வருசமாக அடைத்து வைத்த மூச்சை யாரோ ஒரேயடியாக விட்டது போல ஒரு இரைச்சல். படகில் அந்தக் கயிறு கனிந்துகொண்டிருந்தது. ஒரு வெளிச்சம். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் விழுந்தேன், எஞ்சினியர் விழுந்தார், எல்லோரும் விழுந்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தபோது தண்ணீர் எரிந்துகொண்டிருந்தது. படகு இருந்த இடத்தில் படகு இல்லை.

நீலமேகம் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். பிறகு எழுந்தார். பின்கழுத்து வெந்து, தலைமுடி பாதி கருகியிருந்தது. தள்ளாடிக்கொண்டு என்னிடம் வந்தார். ஓங்கின கை இன்னும் அப்படியே இருந்தது, கீழே இறக்க மறந்துவிட்டவர் போல. அந்தக் கையை என் தோள் மேல் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

பம்பை நிறுத்திய பிறகும் நெருப்பு நெடுநேரம் எரிந்தது. பிறகு மாலைவரைக்கும் உப்புத் தண்ணீர் குழம்பு மாதிரி வழிந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு புல் பூண்டு, நண்டு நத்தை மிச்சம் இல்லை. கம்பெனி ஆட்கள் வந்து குழாயைத் தண்ணீருக்குக் கீழே அறுத்து சிமெண்டு போட்டார்கள். உப்பளத்தில் ஒரு வரப்பு முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். உப்புப் பாறை கரைந்ததாலா என்று எஞ்சினியரைக் கேட்டேன். சொல்லத் தெரியலம்மா என்றார். தெரியாது என்று அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பரிசோதனை முடியாமல் இனி ஒரு சொட்டு இறக்க மாட்டேன் என்றார். அவரைச் சீக்கிரமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

கோயில் வாசலில் இரண்டு ஊரும் கூடியது. கூட்டத்தில் பொம்பளைகள் பேசக்கூடாது, நான் ஓரமாக நின்றேன். ஊர் வாக்கை உடைத்தது யார் என்று சம்பந்தம் மாமா கேட்டார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கேட்பது முறை. நான் வாயைத் திறப்பதற்குள் நீலமேகம் எழுந்தார். கழுத்தில் வாழையிலைக் கட்டு.

“நான்தான் சொல்லச் சொன்னேன்,” என்றார்.

அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். கொன்றுவிடுகிற மாதிரி அவர் தண்ணீரை வெட்டிக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்தானே. யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் ஊரில் நான் கேட்ட பொய்களிலேயே என் நெஞ்சு நிறைந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

பிறகு எல்லைப் பேச்சு வந்தது. கம்பு போய்விட்டது, இனி எது வரைக்கும் யாருடையது? மண்டை உடையப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். புதுத்திட்டுப் பெரியவர் மெதுவாகச் சொன்னார், யோசித்துப் பார்த்தால் அந்த இடம் பூராவும் வெள்ளத்திட்டுக்குத்தான் சேரும் என்று. இல்லை இல்லை, அந்தக் காலத்திலிருந்தே அது உங்களுடையது என்றார் சம்பந்தம் மாமா. என் நைனா எதற்காக மண்டை உடைந்தாரோ அதை இப்போது இரண்டு ஊரும் ஒருவர் மடியில் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் சம்பந்தம் மாமா எங்கள் பக்கம் திரும்பினார்.

“பாட்டுல ஒன் பேரை எடுக்கல நீலமேகம். ஊரு அவ்ளோ கெட்டுப்போவல. ஆனா சீட்டு ஒனக்குக் கிடையாது. எந்நாளும் அந்த எடந்தான் ஒனக்கு.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார், “இனிமே அது ஒம்பாடு.”

இந்த வருசம் பம்பு மறுபடி ஓடுகிறது. புதுசாக வந்திருக்கிற எஞ்சினியர் எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. எல்லாம் அடைத்தாகிவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே சொன்னார். காலையில் நீலமேகம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். நான் வெறுங்காலோடு மணலில் இறங்கி நிற்பேன். அதிர்கிறதா என்று கேட்பார். பம்பு நின்றிருக்கிற நாளில் போகச் சொல்வேன். ஓடுகிற நாளில் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் இரண்டு முறை சேர்ந்தாற்போல இறங்காவிட்டால் பேர் போய்விடும், அது அவருக்கும் தெரியும். நான் பேசாமல் நின்றாலும் போய்விடுவார். கயிறு எடுத்துப் போவதில்லை, பீடியை விட்டுவிட்டார்.

கரையிலிருந்து பார்த்தால், படகு இல்லாமல் தண்ணீரில் நிற்கிற அவர் தலை மட்டும் தெரியும். புதுத்திட்டுப் படகுகள் அவருக்குத் தெற்கே நின்றுவிடும். எங்கள் படகுகள் வடக்கே நின்றுவிடும். கம்பு இல்லாத குறை இரண்டு ஊருக்கும் இல்லை, அவர் நிற்கிற இடம்தான் இப்போது எல்லை. இன்றைக்குக் காலில் அதிர்கிறது. அவர் போயிருக்கிறார், நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.